வாசகர் எண்ணிக்கை: ஒன்று

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவள் கொள்கை. கொள்கை என்றால் பெரிய வார்த்தையாகத் தெரியும். உண்மையில் அவள் பிழைப்பே அதுதான். சைக்கிள் கடைக்கு மேலே மாடி வீடு. அதன் முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரைகள், மூலையில் யாரும் அவிழ்க்கத் துணியாத கேபிள் சிக்கல். அங்கே உட்கார்ந்தபடி அறுபத்து மூன்று பேருடைய இணையதளங்களுக்கு இடம் கொடுத்துக் காவல் காத்துவந்தாள். பல் டாக்டர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், டிரைவிங் ஸ்கூல், தோற்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு கால்பந்துக் குழு. பெரிய கம்பெனியிடம் போனால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு மணி நேரம் பாட்டுப் போடுவார்கள். இவள் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்து, "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்பாள். அதனால் எல்லோரும் அவளை சர்வரம்மா என்றே கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்பவர்கள் எந்த ஹோட்டலில் என்று விசாரிப்பதும் உண்டு.

ஆனால் அவளுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. மூக்கி. அக்கா வைத்தது.

அக்கா சின்ன வயதிலேயே எழுதுகிற ஆள். நோட்டை எங்கே ஒளித்தாலும் தங்கை கண்டுபிடித்துப் படித்துவிடுவாள். தலையணை உறை, அரிசி டப்பா, அப்பாவின் பழைய பூட்ஸ் என்று ஒன்றையும் விட்டதில்லை. கையும் களவுமாகப் பிடித்த ஒரு நாள் அக்கா அவள் மூக்கைத் திருகி, "எல்லாத்துலயும் இதை நுழைச்சுக்கிட்டே இருக்கியே, உன் பேரே இனிமே மூக்கிதான்" என்றாள். வலி அன்றைக்கே போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் போல, தொழில் தொடங்கிய நாளிலேயே தனக்கு ஒரு நெறி வைத்துக்கொண்டாள். சாவி கையில் இருந்தாலும் வாடிக்கையாளரின் உள்ளறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. யார் எப்போது உள்ளே வந்தார், என்ன எழுதிப் பாதியில் வைத்திருக்கிறார் என்று தோண்டுவதில்லை. ஊருக்கு என்ன தெரிகிறதோ அது போதும். அதனால்தான் அக்காவின் வலைப்பதிவு தன் இயந்திரத்திலேயே இருந்தும், மற்றவர்களைப் போல ஒரு திரட்டி வைத்து அதன் வழியாகவே படித்தாள். திரட்டி என்பது ஒரு சின்ன நிரல். நமக்குப் பிடித்த தளங்களின் வாசலுக்கு அரை மணிக்கு ஒருமுறை போய், புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டு, இருந்தால் அள்ளிவரும்; படித்து முடித்ததைச் சேர்த்துவைக்காது. யாரோ ஒருவர் நடத்தும் திரட்டியில் கணக்குத் திறப்பதற்கு அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. மேசைக்கு அடியில், பழைய பெட்டி ஒன்றில் தனக்கென்று சொந்தமாக நிறுவிக்கொண்டாள். போகிற வாசலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்பது திரட்டிகளின் மரியாதை. பெயர் என்ன என்று அது கேட்டபோது சிரித்துக்கொண்டே 'மூக்கி' என்று தட்டினாள். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

அக்கா அந்த நாட்களில் வாரம் இரண்டு தடவை எழுதுவாள். வீட்டுச் சண்டை, தையல் மிஷினின் அடம், எதிர்வீட்டு நாயின் கர்வம் என்று எதையாவது பிடித்துக்கொள்வாள். கீழே முதல் ஆளாக இரண்டு வரி எழுதுவது அத்தான். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு மனைவிக்குப் பின்னூட்டம் போடுகிற மனுஷனை எங்கே பார்ப்பது! அந்த இரண்டு வரிக்காகவே சில நாள் தங்கை பதிவைத் திறப்பாள். பிறகு அத்தான் நெஞ்சு வலி என்று ஒரு காலை படுத்தார், மாலையில் இல்லை.

அத்தான் போன எட்டாம் மாதம் அந்த விபத்து நடந்தது. அதை விபத்து என்று சொல்வது அவளுக்கு அவளே காட்டிக்கொண்ட சலுகை. டிஸ்க் ஒன்று செத்துப்போனது. செத்தால் என்ன, நகல் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அக்காவுடைய தளத்தின் நகலை மட்டும் இவள் அதே டிஸ்கில் வைத்திருந்தாள். ஓசிக் கணக்குதானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தாள். வீட்டு மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. மற்ற எல்லோருடையதும் பிழைத்தது. போனது அக்காவின் இரண்டு வருட எழுத்தும், ஒவ்வொன்றின் கீழும் அத்தான் போட்ட இரண்டிரண்டு வரியும்.

"உன்கிட்டக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள் அக்கா.

அப்போது அவள் அழுதிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். பயம் வந்தால் சிலருக்கு வாய் முந்திக்கொள்ளும். அவளுக்கு அந்த வியாதி உண்டு. "என்னக்கா பெரிய எழுத்து! நீயும் அத்தானும்தானே படிச்சீங்க? அத்தானும் போயாச்சு. இனிமே அதை யாரு படிக்கப் போறா?" என்றாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். அக்கா குடையை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கிப் போனாள். மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் போட்டாள் தங்கை, பதில் இல்லை. நேரில் போய் நின்றாள்; உள்ளே விளக்கு எரிந்தது, தையல் மிஷின் ஓசை கேட்டது, கதவு திறக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஓசை காதிலேயே இருந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒரு வரி எழுதவில்லை. தளத்தை மூடவும் இல்லை.

ஆறு வருடம் ஆயிற்று. திரட்டியில் ஒரு காலத்தில் நூற்றிருபது தளங்கள் இருந்தன. எழுதியவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள், கடையை மூடினார்கள். அவளும் ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில் மிஞ்சியது அக்கா ஒருத்திதான். ஒரே ஒரு வாசலுக்காக அரை மணிக்கு ஒருமுறை போய்க் கேட்டுவரும் இயந்திரம். புதிதாக ஏதாவது உண்டா? இல்லை. உண்டா? இல்லை. காலையில் பல் துலக்கியதும் அந்தப் பக்கத்தைத் திறந்து வெறுமையைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். ஏங்கி ஏங்கி அந்த ஏக்கமே ஒரு பழக்கமாகிவிட்டது. அக்கா ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்று இருந்தது அவளுக்கு. திட்டியாவது எழுதட்டும்.

"அந்த ஒண்ணுக்காகவா இந்தப் பெட்டி ஓடுது?" என்று கேட்பார் அவள் கணவர். பஸ் ஓட்டுநர். ஆளே ஏறாத நிறுத்தத்திலும் நின்றுவிட்டுப் போகிறவர்.

"நீங்க காலி ஸ்டாப்புல நிக்கிறதில்லையா?"

"அது ரூல்மா."

"இதுவும் ரூல்தான்."

போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை அந்தப் பெட்டியின் விசிறி கரகரவென்று கத்தி ஓய்ந்தது. நல்லவேளை, உள்ளே இருந்தது எல்லாம் பத்திரம். புதுப் பெட்டி வாங்கித் திரட்டியை அதற்கு மாற்றினாள். பக்கம் அழகாகத் திறந்தது. அக்காவின் பெயர் இருந்தது, புதியவை பூஜ்யம். எல்லாம் சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் பூஜ்யம்தான். அதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை எட்டு மணி. நகல் அறிக்கை படிக்கும் நேரம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் மூன்று நகல், மூன்று வெவ்வேறு இடத்தில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, வாரா வாரம் அறிக்கையைத் தானே வரி வரியாகப் படிப்பாள். எந்தத் தளத்தில் எத்தனை மாற்றம் என்று அது சொல்லும். பல் டாக்டர், நான்கு. கால்பந்துக் குழு, ஒன்று. தோற்ற செய்தியாக இருக்கும். அக்கா, ஐந்து.

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. ஆறு வருடமாகப் பூஜ்யமாக இருந்த இடம் அது. திரட்டியைத் திறந்து பார்த்தாள். புதியவை எதுவும் இல்லை. அக்கா எழுதியிருந்தால் இங்கே வந்திருக்குமே! அப்படியானால் எவனோ பூட்டை உடைத்து உள்ளே புகுந்திருக்கிறான். ஆளில்லாத வீடு என்று தெரிந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே. இரண்டாவது முறையும் அக்காவின் சொத்தைப் பறிகொடுத்தால் அவளுக்கு மன்னிப்பே கிடையாது.

"என்னங்க, அக்கா தளத்துல யாரோ பூந்துட்டாங்க போல" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அவர் டீக் கோப்பையோடு வந்தார். மதியம்தான் அவருக்கு டியூட்டி. "தளத்தைத் திறந்து பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஆறு வருடமாகவே அந்த முகப்புப் பக்கத்தைத் திறக்கவில்லை. காலியாகிப்போன அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் திரட்டியின் பின்னால் ஒளிந்திருந்தாள். இப்போது முகவரியைத் தட்டினாள். பக்கம் விரிந்தது. திருடன் யாரும் இல்லை. ஐந்து புதிய பதிவுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, நேற்று மாலை எழுதியது.

'மூக்கி,

எட்டு நாளாக உன் பெயர் வரவில்லை. நான் ஆறு வருடம் ஒன்றும் எழுதவில்லை, நீ ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு நீ கொடுத்த அந்தப் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறப்பேன். திரட்டி வழியாகப் படிப்பவர்: ஒன்று. பெயர்: மூக்கி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொழுது விடியும். வீம்பில் வாயைத் திறக்கவில்லையே தவிர, அந்த ஒன்றைப் பார்க்காமல் எனக்கு இருக்க முடிந்ததில்லை. மிஷின் கோளாறு என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டேன். பிறகு எழுதிப் பார்த்தேன். எழுதினாலும் நீ வரவில்லை. நாளைக் காலை ஒன்பதுக்கும் பூஜ்யம் என்றால் பத்தரை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். கதவைத் திறக்க நீ இருக்க வேண்டும்.'

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணவர் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எழுதும் பெட்டியைத் தவிர வேறு எந்தப் பொத்தானையும் அக்கா தொடமாட்டாள் என்றல்லவா நினைத்திருந்தாள்! அந்தப் புள்ளிவிவரப் பக்கம் வாடிக்கையாளர்களுக்காக அவளே செய்தது. முந்திய இருபத்து நான்கு மணி நேரத்தில் யார் யார் வந்தார்கள் என்று காலை ஒன்பதுக்குச் சொல்லும். தான் வாசலில் நிற்பது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்த ஆறு வருடமும், அக்கா உள்ளேயிருந்து தினம் அவள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மீதி நான்கு பதிவுகளையும் அவள் திறக்கவில்லை. அவை திரட்டி வழியாகத்தான் தனக்கு வரவேண்டும் என்று ஒரு பிடிவாதம். அது ஏன் வரவில்லை என்று பார்க்க இரண்டே நிமிடம்தான் ஆயிற்று. அரை மணிக்கு ஒருமுறை கிளம்பு என்று திரட்டிக்குச் சொல்லும் கட்டளை திரட்டிக்குள் இருப்பதில்லை. பெட்டியின் கடிகாரத்தில் தனியாக எழுதிவைக்க வேண்டும். பழைய பெட்டியில் இருந்தது. புதுப் பெட்டியில் எழுத மறந்துவிட்டாள். வேறு பத்துத் தளங்கள் அதில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அக்கா ஒருத்தியே இருந்ததால், அக்கா பேசாமல் இருப்பதும் இயந்திரம் செத்துக் கிடப்பதும் அவளுக்கு ஒரே மாதிரி தெரிந்தன.

ஒரே ஒரு வரி. தட்டி முடித்தாள். மணி எட்டு முப்பத்தைந்து. என்டர் பொத்தானின் மேல் விரல் நின்றது.

"அழுத்தேன்" என்றார் கணவர்.

"அழுத்தினா இப்பவே போய்க் கதவைத் தட்டும். ஒன்பதுக்கு அவளுக்கு 'ஒன்று'ன்னு காட்டும்."

"நல்லதுதானே? நிம்மதியா இருப்பாங்க."

"நிம்மதி ஆயிடுவா. அப்புறம் எதுக்குங்க வரப்போறா?"

அவளுக்குத் தெரியாதா அக்காவை? ஒன்று என்று பார்த்துவிட்டால், உசிரோட இருந்தா சரி என்று மிஷினை மிதிக்கப் போய்விடுவாள். போன வீம்பு திரும்பி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு ஆறு வருடம் அரை மணிக்கு ஒருமுறை உண்டா, இல்லை, உண்டா, இல்லை.

"போன் பண்ணிடு."

"எடுத்து, நல்லா இருக்கியான்னு கேப்பா. இருக்கேன்பேன். வெச்சுடுவா."

"அதுக்காக, வயசானவங்க பயந்துகிட்டே பஸ் ஏறி வரணுமா?"

"ஆறு வருஷம் நான் ஏங்கலையா? அவ ரெண்டு மணி நேரம் ஏங்கட்டும்!" என்று சொன்னவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள். பயத்தில் முந்திக்கொள்ளும் அதே வாய். கணவர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

எட்டே முக்காலுக்குப் பல் டாக்டர் போன் செய்தார். தளத்தில் அவர் படம் தலைகீழாகத் தெரிகிறதாம். "டாக்டர், நீங்களே தலைகீழாத்தான் ஏத்தியிருக்கீங்க" என்று சொல்லிச் சரி செய்தாள். எட்டு ஐம்பத்தெட்டு. விரல் இரண்டு தடவை பொத்தான்வரை போய்த் திரும்பியது. அக்கா இப்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அத்தானை ஒரே பகலில் பறிகொடுத்தவள் அவள்; வெறும் பூஜ்யம் அவளுக்கு என்னவெல்லாம் சொல்லும்! தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் அழுத்தவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு, ஒன்பது தாண்டும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து அறையைக் கூட்டினாள். கேபிள் மூட்டையின் மேல் ஒரு போர்வையைப் போட்டாள். முகம் கழுவினாள்.

"பத்தரை பஸ் பத்தே முக்காலுக்குத்தான் எடுப்பான். அவன் என்னைக்கு நேரத்துக்கு எடுத்தான்?" என்றார் கணவர், தொழில் தர்மத்தோடு. டியூட்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தும் சீருடை மாட்டிக்கொண்டு கீழே சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று இருபதுக்கு இரும்புப் படி அதிர்ந்தது. பாதியில் நின்றது, மூட்டு வலி இருக்கும் போல. மறுபடி அதிர்ந்தது. தட்டுவதற்கு முன்பே அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

அக்கா முழுக்க நரைத்திருந்தாள். கையில் குடை. வாசலிலேயே நின்று தங்கையை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"உசிரோடதான் இருக்க."

"இருக்கேன்கா."

"படுக்கையில கிடக்கிறேன்னு நெனச்சுட்டு வரேன். வழியெல்லாம் என்னென்ன நெனச்சேன் தெரியுமா?" அக்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "அப்ப மிஷினுக்குத்தான் கோளாறா?"

"நான்தான்கா. பெட்டி மாத்தினேன், கடிகாரம் போட மறந்துட்டேன். இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

"காலையிலன்னா எத்தனை மணிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "எட்டரைக்கு."

அக்கா திரையைப் பார்த்தாள். அழுத்தாத அந்த ஒற்றை வரி இன்னும் அங்கேயே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஒன்பதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் போடலை."

"போட்டா நீ வரமாட்டியேக்கா!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்கா குடையைத் தூக்கி அவள் முழங்காலில் ஒன்று வைத்தாள். வலிக்கும்படியாகவே வைத்தாள். "திருட்டுக் கழுதை. மாறவே இல்ல நீ." அப்புறம் அதே கையால் அவள் தலையை இழுத்துத் தன் மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கீழே கடைக்காரர் டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"மறக்கலை. மறக்கவும் மாட்டேன்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அதைப் போடு. நான் பாக்கணும்."

அவள் என்டரை அழுத்தினாள். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு, ஆறு வருடமாகப் பூஜ்யம் இருந்த இடத்தில் எண் மாறியது. புதியவை: ஐந்து.

"யாரு படிக்கப் போறான்னு கேட்டியே" என்றாள் அக்கா. "படி. சத்தமாப் படி. மூணாவதை எடு."

மூன்றாவது பதிவின் தலைப்பு 'ஜன்னல் பக்கம் யாருக்கு'. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே கட்டிலில் ஜன்னல் ஓரத்துக்கு அக்காவும் அவளும் போட்ட சண்டை. டிஸ்கோடு போனதில் ஒன்று. அக்கா ஞாபகத்திலிருந்து முழுவதையும் மறுபடி எழுதியிருந்தாள். அவள் படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பு வந்தது, அக்காவும் சிரித்தாள். கடைசிக்கு வந்தபோது, பதிவுக்குக் கீழே, ஒரு கோடு போட்டு இரண்டு வரி இருந்தது. 'இதற்கு உன் அத்தான் அன்றைக்கு எழுதியது' என்று தொடங்கியது.

அவள் குரல் அங்கே நின்றுவிட்டது.

"படி மூக்கி" என்றாள் அக்கா. "அவர் வார்த்தையைக் காதால கேட்டு ஏழு வருஷம் ஆச்சு."